வேலைப் பயிற்சி பள்ளியிலேயே தொடங்கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதை ஒட்டி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ‘அடுத்து என்ன?’ என்றே கேட்கின்றன. வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் இருவரும் இம்முறை எழுதியிருப்பதால், பள்ளியும் தொழில் நிறுவனமும் கைகோத்து இப்பிள்ளைகளை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது பற்றிய கேள்விகளுக்கே இந்தப் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியுள்ளோம்.

என் மகனுக்கு 16 வயது. ஆட்டிசம் உள்ளவன். பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். பள்ளியில் கேட்டால், “பிளஸ் டூ முடியட்டும், வேலையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்” என்கிறார்கள். படிக்கும்போதே ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை கற்றுக்கொடுக்கும் முறை எங்காவது உண்டா?
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

உண்டு. ‘அப்புறம் யோசிக்கலாம்’ என்பதை நீங்கள் ஏற்க வேண்டாம். காலையில் எழுந்து, குளித்து, சீருடை அணிந்து, மணி அடித்தால் அடுத்த வகுப்புக்கு மாறி எனப் பல ஆண்டுகள் பாடுபட்டுப் பழக்கிய ஒழுங்கு, பள்ளி முடிந்த மறுநாளே நின்றுபோகிறது. அந்த இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் வேலை தர முன்வந்தாலும், வீட்டைவிட்டு வெளியே வருவதையே முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. வடசென்னையில் இப்படி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்குத் திறமைக்குக் குறைவில்லை.

நீங்கள் கேட்கும் முறைக்கு நன்கு அறியப்பட்ட முன்மாதிரி, அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ‘புராஜெக்ட் சர்ச்’ (Project SEARCH) என்ற திட்டம். அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த எரின் ரீலி, மருத்துவப் பொருள்களை அந்தந்த இடத்தில் ஒழுங்காக நிரப்பி வைக்கும் வேலைக்கு நிலையான ஆள் அமையாததைக் கண்டு, அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு அதை ஏன் கற்பிக்கக் கூடாது என்று நினைத்து, கல்வித் துறையில் இருந்த சூசி ருட்கோவ்ஸ்கியை அணுகினார். இத்திட்டத்தில் மாணவர் தம் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டு முழுவதையும் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே கழிக்கிறார். நாள்தோறும் சிறிது நேரம் அங்கேயே வகுப்பு நடக்கும். மீதி நேரம் உண்மையான வேலை. ஏறக்குறைய 10 முதல் 12 வாரங்களுக்கு ஒரு பிரிவு என்ற கணக்கில் ஓராண்டில் மூன்று பிரிவுகளில் வேலை பார்த்துவிடுவார். ஆசிரியரும் வேலைப் பயிற்றுநரும் அந்த நிறுவனத்துக்கே வந்து உடனிருப்பார்கள்.

இதை ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று செம்மைப்படுத்தி, வர்ஜீனியா மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளில் நடத்திப் பார்த்த பால் வேமன் குழுவினரின் ஆய்வு 2014இல் வெளிவந்தது. இப்பயிற்சி பெற்ற 24 பேரில் 21 பேருக்கு முறையான சம்பள வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளிச் சேவைகளை மட்டும் பெற்ற 16 பேரில் ஒருவருக்கே கிடைத்தது. சிறிய ஆய்வுதான். ஆனால், யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த ஆய்வு என்பதால், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சாதித்தார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

வேலை நடக்கும் இடத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்திச் செய்வது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். பள்ளியின் கைத்தொழில் அறையில் மெழுகுவத்தியை அழகாக உறையிலிடும் பிள்ளை, கடை ஒன்றின் குடோனில் பெட்டி கட்டச் சொன்னால் திகைத்து நிற்கலாம். கை பழகியிருக்கிறது, ஆனால் இடம், ஓசை, வெளிச்சம், மனிதர்கள் என மற்ற எல்லாமே புதியவை.

உங்கள் மகனுக்கு இப்போது வாரத்தில் இரண்டு அரைநாள் போதும். சட்டப்படி 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்பதால், ரசாயன ஆலையும் கனரக இயந்திரப் பட்டறையும் இந்த வயதுக்கு ஆகாது. அச்சகத்தில் தாள் அடுக்கும் பகுதி, மருந்து மொத்த விற்பனைக் கடை, நூலகம், துணிக்கடைக் குடோன் ஆகியவற்றைப் பாருங்கள். பள்ளியின் சிறப்பாசிரியர் முதல் சில வாரங்களாவது உடன் செல்ல வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அருகிலுள்ள சிறப்புப் பள்ளி ஒன்று, ஆட்டிசம் உள்ள மாணவர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறது. மனம் இருக்கிறது; பயமும் இருக்கிறது. தீபாவளி நேரத்தில் எங்கள் கடையில் நிற்கவே இடம் இருக்காது. நான் என்னென்ன மாற்ற வேண்டியிருக்கும்?
— ஒரு வணிகர், பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் பயத்தை மறைக்காமல் எழுதியது நல்லது. முதலில், அவர்களை விற்பனைப் பகுதியில் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடையின் வேலையில் பெரும்பங்கு வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில்தான் நடக்கிறது: சரக்கு வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு எண்ணுவது, அளவுவாரியாகப் பிரிப்பது, விலைச் சீட்டு ஒட்டுவது, உறையிலிடுவது, ரேக்கில் அடுக்குவது. ஒரே ஒழுங்கில், ஒரே முறையில், தவறின்றி மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிய வேலைகள் இவை. மற்றவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்த ஒழுங்கில்தான் ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அதை அறிந்துகொள்ளத்தான் பயிற்சிக் காலம்.

உங்கள் பகுதியிலேயே ஓர் ஆயத்த ஆடைக் குடோனில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கு பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர், சட்டைகளை 38, 40, 42 என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைக் காட்டி, “இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்து வைப்பா” என்றார். இளைஞர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர் கை காட்டிய பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்து மேற்பார்வையாளர் குரலை உயர்த்த, இளைஞர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டார். உடனிருந்த ஆசிரியை மெதுவாக, “மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு” என்றதும், அவர் எழுந்து சென்று சரியாக அங்கே வைத்துவிட்டு வந்தார். அன்று மாலையே ரேக்குகளுக்கும் தட்டுகளுக்கும் எண் எழுதி ஒட்டினார்கள். அந்த எண்களால் அதிகம் பயனடைந்தவர்கள், புதிதாகச் சேர்ந்த மற்ற பையன்கள்தான்.

நீங்கள் செய்ய வேண்டிய மாற்றங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. செலவு மிகக் குறைவு. அன்றைய வேலையை வரிசையாக ஒரு பலகையில் எழுதியோ படமாகவோ வையுங்கள். டீ நேரம் எப்போது என்பதும் அதில் இருக்கட்டும். பத்துப் பேரும் ஆளுக்கொரு வேலை சொல்லாமல், ஒருவர் மட்டும் சொல்லட்டும். அவர் விடுப்பில் போனால் அடுத்து யார் சொல்வார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். முகம் பார்த்துப் பேசவில்லை என்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்று ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள். ஓசை தாங்க முடியாதபோது பத்து நிமிடம் போய் உட்கார ஒரு மூலை தேவை. ஊதுவத்திப் புகையும், விட்டு விட்டு எரியும் டியூப் லைட்டும், வாசலில் கட்டிய ஒலிபெருக்கியும் நமக்குப் பழகியிருக்கலாம். அவர்களில் சிலருக்கு உடல்வலிக்கு நிகரானவை.

தீபாவளிக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடி மாதத்திலோ அதற்கு முன்போ பயிற்சியைத் தொடங்கி, வேலை நன்றாகப் படிந்த பிறகு பண்டிகைக் காலம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் காலை கடை திறக்கும் முன் இரண்டு மணி நேர வேலை என்று மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் மாற்றத்தை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பயிற்சி பெறும் பிள்ளைகளைப் படம் எடுத்துக் கடையின் விளம்பரத்திலோ சமூக ஊடகத்திலோ போட வேண்டாம். அவர்கள் உங்களிடம் தொழில் கற்க வந்தவர்கள். அந்த மதிப்போடு நடத்தினாலே போதும்.

நான் திருவொற்றியூரில் அரசு உதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியை. எங்களிடம் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் நால்வர் மேல்நிலை வகுப்பில் இருக்கிறார்கள். நிறுவனங்களை எப்படி அணுகுவது, என்ன எழுதி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.
— தலைமையாசிரியை, திருவொற்றியூர்

பெரிய நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதற்கு முன், உங்கள் பள்ளிக்கு ஏற்கெனவே பழக்கமானவர்களிடமிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு நோட்டுப் புத்தகம் தருபவர், சீருடை தைப்பவர், கேன்டீன் நடத்துபவர், உங்கள் பழைய மாணவர்களில் தொழில் நடத்துபவர் ஆகியோர் மறுக்கத் தயங்குவார்கள். உங்கள் சொல்லை நம்பவும் செய்வார்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்காமல், ‘உங்கள் இடத்தில் எந்த வேலை தேங்கி நிற்கிறது?’ என்று கேளுங்கள். அந்த வேலையை நேரில் பார்த்து, சிறு சிறு படிகளாகப் பிரித்து எழுதி, உங்கள் நால்வரில் யாருக்கு அது பொருந்தும் என்று முடிவு செய்வது சிறப்பாசிரியரின் பணி.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த நாள்களில், எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலை, பள்ளியின் பக்கம் யார் பொறுப்பு, நிறுவனத்தின் பக்கம் யார் பொறுப்பு, போக்குவரத்து யாருடையது, உதவித்தொகை உண்டா, காயம் ஏற்பட்டால் செலவு யாருடையது, பயிற்சி முடிந்ததும் வேலைக்கு எடுத்துக்கொள்வதைப் பற்றி எப்போது பேசுவது என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதனால், சம்பளம் இல்லாமல் வேலை வாங்கிக்கொண்டே இருக்கும் நிலை சில இடங்களில் உருவாகியிருக்கிறது. ஒரே வேலையில் மூன்று மாதத்துக்கு மேல் பயிற்சி என்ற பெயரில் வைத்திருக்க அனுமதிக்காதீர்கள்.

ஆசிரியரை வெளியே அனுப்பினால் வகுப்பு பாதிக்கும் என்பது உண்மையான தடை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் பல பள்ளிகளுக்குச் சுற்றில் செல்பவர்கள் என்பதால், அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரே நிறுவனத்துக்கு ஒரே நாளில் மாணவர்களை அனுப்புமாறு திட்டமிட்டால் சுமை பகிர்ந்துபோகும். ஆலோசனைக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும், கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு மையமும் இருக்கின்றன. இரண்டுமே நகரின் மறுகோடியில் இருப்பது வடசென்னைக் குடும்பங்களுக்கு எத்தனை சிரமம் என்பதை அரசு உணர வேண்டும். கிண்டிக்காவது விம்கோ நகரிலிருந்து ஒரே மெட்ரோ ரயிலில் போய்விடலாம்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கணினி வேலைதான் பொருந்தும் என்று படித்தேன். என் மகளுக்குக் கணினியில் ஆர்வமே இல்லை. செடி வளர்ப்பதிலும் சமையலறை வேலையிலும்தான் ஈடுபாடு. கணினி வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டுமா?
— ஒரு தந்தை, வியாசர்பாடி

வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களைக் கணினித் துறை வேலைகளில் அமர்த்த டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்னே நிறுவனமும், 2013இல் எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய ஆட்டிசம் உள்ளோருக்கான பணியமர்த்தல் திட்டமும் பரவலாகப் பேசப்பட்டதால், இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. எஸ்ஏபி தன் பெங்களூரு மையத்திலும் அவ்வாறு ஆள் எடுத்தது. அவை நல்ல முயற்சிகள். நேர்காணலில் சரளமாகப் பேசத் தெரியாதவரையும், வேலையைச் செய்யவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பெரிய நிறுவனங்களுக்கு அவை காட்டின. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் அனைவரும் மென்பொருள் மேதைகள் அல்லர். அப்படி எதிர்பார்ப்பது அவர்கள்மீது ஏற்றும் இன்னொரு பாரம்.

உங்கள் மகளுக்கு நாற்றுப்பண்ணையும், பேக்கரியின் உள்வேலையும், உணவகத்தில் காய்கறி நறுக்கும் பகுதியும் பொருத்தமானவை. மாதவரம் பக்கம் நாற்றுப்பண்ணைகளை விசாரியுங்கள். பெண் பிள்ளை என்பதால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்புகார்க் குழு இருக்க வேண்டும். குழுவில் இருப்பவர் யார் என்று அறிந்து, அவரை உங்கள் மகளுக்கு நேரில் அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது, பிடிக்காததை எப்படிச் சொல்வது என்பதைப் படங்களின் துணையோடு பள்ளியிலேயே கற்பித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் வேலைக்குப் போகும் முன் கற்பியுங்கள்.

மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களை எடுக்க எங்களுக்குச் சட்டக் கடமை ஏதும் உண்டா?
— ஒரு வாசகர், மணலி

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசுப் பணியிடங்களில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். தனியார் நிறுவனங்களுக்கு இந்த ஒதுக்கீடு கட்டாயமில்லை. ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடமென்றால், எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும், தேர்வு முறை என்ன, என்ன வசதிகள் உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கொள்கையாக இருந்தால், பள்ளி ஒன்றின் சிறப்பாசிரியரை அழைத்து ஆலையைச் சுற்றிக் காட்டி, அவர் துணையோடு புதிதாக எழுதுங்கள்.

30 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் நிறுவனம் தொழில் பழகுநர்களை (அப்ரன்டிஸ்) எடுத்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 18 வயது நிறைந்தவர்களை அந்த வழியில் எடுக்கலாம். இயந்திரப் பகுதி வேண்டாம். உதிரிபாக ஸ்டோர், ஆவணங்களை ஸ்கேன் செய்தல், ஆய்வகக் கண்ணாடிப் பொருள்களைக் கழுவி அடுக்குதல் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். நிரந்தரமாக எடுக்கும்போது, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 19 வயது. பயிற்சி எடுத்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். சம்பளக் கணக்கு தொடங்கப் போனால், சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வேண்டும் என்கிறார்கள். அது கட்டாயமா?
— ஓர் அக்கா, எண்ணூர்

உங்கள் தம்பிக்கு வாழ்த்துகள். ஆட்டிசம் என்ற ஒரே காரணத்துக்காக 18 வயது நிறைந்த ஒருவருக்குக் காப்பாளர் கட்டாயமில்லை. அவர் பணத்தைப் பற்றிப் புரிந்துகொண்டு கையெழுத்திட முடிந்தால், தம் பெயரிலேயே கணக்கு தொடங்கும் உரிமை அவருக்கு உண்டு. கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். உண்மையிலேயே துணை தேவைப்படுமானால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம். வங்கிகள் அதை ஏற்க வேண்டும். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருப்பதால் அதற்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

வேலைக்குப் போய்வர, தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை. முதல் மாதம் நீங்கள் உடன் போங்கள். பிறகு ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கிக்கொள்ளுங்கள். அவர் தனியே இறங்கி நடந்து போகட்டும்.

என் மகனுக்கு 17 வயது. நாலைந்து சொற்கள்தான் பேசுவான். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். இவனுக்கும் வேலை என்று ஒன்று சாத்தியமா?
— ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

உங்கள் வருத்தம் நியாயமானது. பேச்சு குறைவாக இருப்பதை வைத்து வேலை செய்ய முடியாது என்று முடிவு கட்டக் கூடாது. படப் பலகையோ கைப்பேசிச் செயலியோ கொண்டு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘முடிந்தது’, ‘வலிக்கிறது’, ‘உதவி வேண்டும்’ என்ற ஐந்தையும் அவர் தெரிவிக்கப் பழகிவிட்டால், வேலையிடத்தில் பெரும்பகுதி சமாளித்துவிடலாம். பள்ளியில் மீதமிருக்கும் காலத்தில் எழுத்துப் பாடத்தைக் குறைத்துக்கொண்டு, இந்த ஐந்துக்கு முதலிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

முழுநேர வேலை ஒன்றுக்கு அவரைப் பொருத்தப் பார்க்காமல், ஓர் இடத்தில் மூன்று நான்கு பேர் அரைகுறையாகச் செய்துவரும் சிறு வேலைகளைச் சேர்த்து, அவருக்கென்றே ஒரு வேலையை அமைத்துத் தரலாம். உணவகம் ஒன்றில் டம்ளர்களைத் துடைத்து அடுக்குவது, பார்சல் டப்பாக்களுக்கு மூடி பிரித்து வைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாளுக்கு இரண்டு மணி நேரப் பணி ஆகிவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படும் என்பதையும், சம்பள வேலை எல்லோருக்கும் அமைந்துவிடாது என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அதை முடிவு செய்வது, வேலையிடத்தில் வைத்துப் பார்த்த பிறகாக இருக்க வேண்டும். மதிப்பீட்டு அறையில் உட்கார்ந்து அல்ல.

அவர் வீட்டில் தாமாகவே விரும்பிச் செய்பவற்றை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். எதைத் தொட்டால், எந்த ஓசை கேட்டால் கலங்குகிறார், அப்போது எது அமைதிப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பள்ளி திறக்கும் முன் தலைமையாசிரியரிடம் கொடுத்து, இந்த ஆண்டே ஒரு வேலையிடத்தில் வாரம் ஒரு மணி நேரமாவது பழக்க ஏற்பாடு செய்யுமாறு எழுத்தில் கேளுங்கள்.